எழுந்து நடந்தது வாத்துக் குஞ்சு!

"இது பிழைக்காது. வேலிக்கு அப்பால் கொண்டுபோய்ப் போட்டுவிடுங்கள்."

பக்கத்து வீட்டு அம்மாள் இப்படிச் சொன்னார். அவர் கல் நெஞ்சக்காரர் அல்ல. எத்தனையோ கோழியும் வாத்தும் வளர்த்தவர். கால் விளங்காத குஞ்சு எத்தனை நாள் தாங்கும் என்பதைக் கண்ணால் பார்த்தவர்.

என் மகளுக்கு வயது 8. அவள் ஒன்றும் பேசவில்லை. அட்டைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள். தன் பாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

பெட்டிக்குள் ஒரு வாத்துக் குஞ்சு இருந்தது. பிறந்து இரண்டே நாள். இரண்டு காலும் இரண்டு பக்கமாக விரிந்து கிடந்தன. எழுந்திருக்கப் பார்க்கும், கால் வழுக்கும், வயிறு தரையில் படும். சற்று நேரம் மூச்சு வாங்கும். மறுபடியும் எழுந்திருக்கப் பார்க்கும்.

ஆனால் அதன் கண்கள் பளிச்சென்று இருந்தன. தீனியை அருகில் வைத்தால் ஆவலாகக் கொத்தியது. குரலும் கணீரென்று இருந்தது.

வாழ வேண்டும் என்ற ஆசை அதற்கு இருந்தது. நிற்கத்தான் முடியவில்லை!

வாத்துக் குஞ்சு வளர்க்கும் பல வீடுகளில் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். "பிறவி நொண்டி" என்று சொல்லி ஒதுக்கிவிடுகிறார்கள். ஆனால் பல குஞ்சுகள் பிறவி நொண்டி அல்ல. நாம் செய்த தவறால் அவை விழுகின்றன. அந்தத் தவறை நாமே திருத்தவும் முடியும். எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

கோழிக்குப் பிறந்த வாத்து

உறவினர் வீட்டிலிருந்து ஆறு வாத்து முட்டைகள் வந்தன. என் தாயார் அவற்றை அடைக்கோழிக்கு வைத்தார்.

நாட்டு வாத்து நன்றாக முட்டையிடும். ஆனால் பல வாத்துகள் ஒழுங்காக அடைகாக்கமாட்டா. எனவே வாத்து முட்டையைக் கோழிக்கு வைப்பது கிராமங்களில் வழக்கம். கோழி முட்டை பொரிய 21 நாள் ஆகும். வாத்து முட்டைக்கு 28 நாள் வேண்டும். பாவம், எங்கள் கோழி ஒரு வாரம் கூடுதலாகவே உட்கார்ந்தது.

ஒரு முட்டை கூமுட்டையாகப் போயிற்று. நான்கு குஞ்சுகள் ஒரே நாளில் வெளிவந்தன. ஐந்தாவது குஞ்சு மறுநாள்தான் ஓட்டை உடைத்தது. அதற்குள் கோழி பொறுமை இழந்துவிட்டது. நான்கையும் அழைத்துக்கொண்டு முற்றத்துக்குக் கிளம்பிவிட்டது.

என் தாயார் கடைசிக் குஞ்சை எடுத்து ஓர் அட்டைப் பெட்டியில் விட்டார். சூட்டுக்காக மேலே ஒரு பல்பைத் தொங்கவிட்டார். ஈரம் படாமல் இருக்க, அடியில் பழைய செய்தித்தாளை விரித்தார்.

அன்போடு செய்த காரியம்தான். ஆனால் தவறு அங்கேதான் நேர்ந்தது!

டாக்டர் கேட்ட கேள்வி

மறுநாள் காலை மகளும் நானும் பெட்டியோடு கால்நடை மருந்தகத்துக்குப் போனோம். ஒரு வாத்துக் குஞ்சுக்காக இத்தனை தூரமா என்று வழியில் இரண்டு பேர் சிரித்தார்கள்.

டாக்டர் அம்மாள் சிரிக்கவில்லை. குஞ்சை இரண்டு கைகளிலும் ஏந்திப் பார்த்தார். காலை மெல்ல நீட்டி மடக்கினார். பிறகு என் மகளைப் பார்த்து ஒரே கேள்வி கேட்டார்:

"இதை எதன்மேல் விட்டிருந்தாய் பாப்பா?"

"பேப்பர்மேல்."

"அதுதான் காரணம்" என்றார் டாக்டர்.

பிறகு அவர் சொன்னதை இன்றும் நாங்கள் மறக்கவில்லை. "கால் சரியில்லை என்றால் காலை மட்டும் பார்க்காதே. மூன்று 'த'வைப் பார். முதலில் தரை. அடுத்தது தட்டு. அதற்கும் அடுத்தது தலை. எதன்மேல் நிற்கிறது? என்ன தின்கிறது? தலையை எப்படி வைத்திருக்கிறது? பாதி விஷயம் அதிலேயே தெரிந்துவிடும்."

தரை, தட்டு, தலை. மூன்றே சொற்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. தரை

பிறந்த குஞ்சின் எலும்பும் நரம்பும் மிக இளசு. முதல் சில நாட்களில் அது காலை ஊன்றிப் பழக வேண்டும். தரை வழுக்கினால் கால் பக்கவாட்டில் ஓடும். ஒரு நாள் முழுவதும் அப்படியே ஓடினால் கால் அந்த நிலையிலேயே நிற்கத் தொடங்கிவிடும். இதுவே விரிகால்.

செய்தித்தாள் வழுக்கும். பிளாஸ்டிக் தாள், சிமெண்டுத் தரை, பளபளக்கும் ஓடு, எல்லாமே வழுக்கும். ஆகவே இந்த ஞாயிறு மலரைப் படித்து முடித்ததும் வாத்துக் குஞ்சுக்கு விரித்துவிடாதீர்கள்!

எது நல்லது? பழைய துவாலை நல்லது. நெருக்கமாக நெய்த கோணிச் சாக்கு நல்லது. நூல் பிரிந்து தொங்கினால் விரலில் சிக்கிக்கொள்ளும், அதை வெட்டிவிடுங்கள். வாத்து தண்ணீரைச் சிந்திக்கொண்டே இருக்கும். ஈரமான துணியை உடனுக்குடன் மாற்றுங்கள். உமி, மரத்தூள் முதலியவற்றை முதல் சில நாட்களுக்குத் தவிர்ப்பது நல்லது. எது தீனி, எது படுக்கை என்று குஞ்சுக்குத் தெரியாது; தின்றுவிடும்.

கட்டுவது எப்படி?

விரிகாலுக்கு வைத்தியம் மிக எளியது. இரண்டு காலையும் சரியான இடைவெளியில் இணைத்துக் கட்டிவிட வேண்டும். அவ்வளவுதான். ஆனால் சீக்கிரம் செய்ய வேண்டும். பிறந்த முதல் சில நாட்களுக்குள் கட்டினால் பெரும்பாலும் பலன் உண்டு. வாரங்கள் கடந்தால் எலும்பு முற்றிவிடும். பிறகு திருத்துவது கடினம்.

மருந்துக் கடையில் மெல்லிய பிளாஸ்திரி கிடைக்கும். அதில் சிறு கீற்று ஒன்றை வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு காலின் தண்டில் தளர்வாகச் சுற்றுங்கள். உடலின் அகலத்துக்கு ஏற்ப, ஏறத்தாழ ஓர் அங்குலம் இடைவெளி விடுங்கள். மறு காலையும் அதேபோல் சுற்றுங்கள். நடுவில் இருக்கும் பகுதியில் பசைப் பக்கம் வெளியே தெரியாதபடி, இன்னொரு கீற்றை அதன்மேல் ஒட்டிவிடுங்கள். கைவிலங்கு போல, இது ஒரு கால்விலங்கு!

நூல், ரப்பர் வளையம் இவற்றால் கட்டவே கூடாது. அவை சதையை அறுக்கும். இரத்த ஓட்டம் நின்று கால் கறுத்துப்போகும்.

கட்டிய குஞ்சு முதலில் தடுமாறும். மல்லாந்து விழும், தானாகப் புரளத் தெரியாது. எனவே பக்கத்திலேயே ஒருவர் இருக்க வேண்டும். தண்ணீர்க் கிண்ணத்தில் கூழாங்கற்களைப் போட்டு வையுங்கள். கட்டுக் காலோடு அதில் விழுந்தால் மூழ்கிவிடும்.

தினமும் கட்டை அவிழ்த்துப் பாருங்கள். பாதம் வீங்கியிருக்கிறதா? தோல் சிவந்திருக்கிறதா? குஞ்சு நாளுக்கு நாள் பெருக்கும். நேற்றுச் சரியாக இருந்த கட்டு இன்று இறுக்கும்.

எங்கள் குஞ்சுக்கு நான்கு நாள் கட்டு. ஐந்தாம் நாள் காலை அவிழ்த்தோம். கோணிச் சாக்கின்மேல் விட்டோம். குஞ்சு எழுந்தது. ஆடியது. விழவில்லை!

இரண்டு அடி எடுத்து வைத்தது. என் மகள் கரித்துண்டால் சுவரில் "2" என்று எழுதினாள். அன்று சுவர் அழுக்கானதைப் பற்றி அவள் ஆயாகூட ஒன்றும் சொல்லவில்லை.

மீண்டும் விழுந்தது

கதை இத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். முடியவில்லை.

சுவரில் எண்கள் ஏறிக்கொண்டே போயின. 10, 25, 40. அதற்குமேல் எண்ண முடியவில்லை. குஞ்சு வீடு முழுவதும் ஓடியது. என் மகள் போகும் இடமெல்லாம் பின்னால் போயிற்று.

பதினெட்டாம் நாள் ஒரு மாறுதல் தெரிந்தது. நாலு அடி நடக்கும், உட்கார்ந்துவிடும். மறுநாள் எழுந்திருக்கவே அழுதது. கால்கள் வில்போல் வளைந்திருந்தன. மூட்டு வீங்கியிருந்தது. மூட்டையே தரையில் ஊன்றித் தவழ்ந்தது.

இங்கே ஒரு வேடிக்கையான செய்தி. வாத்தின் காலில் பின்பக்கமாக மடங்குகிறதே, அதை நாம் முழங்கால் என்று நினைக்கிறோம். அது முழங்கால் அல்ல, குதிகால்! உண்மையான முழங்கால் மேலே இறகுக்குள் மறைந்திருக்கிறது. பறவைகள் எல்லாம் விரல்களை ஊன்றியே நடக்கின்றன. ஆகவே குதிகால் மூட்டுக் கெட்டால் பறவைக்கு நடையே இல்லை.

தரையில் தவறு இல்லை. கோணிச் சாக்கு அப்படியே இருந்தது. இன்னொன்றையும் கவனித்தோம். கோழியோடு முற்றத்தில் திரிந்த நான்கு குஞ்சுகளும் திடமாக ஓடிக்கொண்டிருந்தன. ஒரே தாய் வாத்தின் முட்டைகள். ஒரே வயது. அவற்றுக்கு இல்லாத நோய் இதற்கு மட்டும் ஏன்?

மறுபடியும் மருந்தகத்துக்கு ஓடினோம். இந்தத் தடவை டாக்டர் இரண்டாவது "த"வைக் கேட்டார்:

"என்ன தீனி போடுகிறீர்கள்?"

"நொய்யும் சோறும்தான்" என்றேன். செல்லக் குஞ்சு என்று வேளை தவறாமல் சோறு பிசைந்து ஊட்டியிருந்தோம்!

2. தட்டு

வாத்துக் குஞ்சின் காலுக்கு மிக வேண்டிய ஒரு சத்து உண்டு. அதன் பெயர் நியாசின். பி வைட்டமின் குடும்பத்தைச் சேர்ந்தது. பி-3 என்றும் சொல்வார்கள்.

புரதத்தில் உள்ள ஒரு பொருளைக் கொண்டு உடலே கொஞ்சம் நியாசினைச் செய்துகொள்ளும். கோழிக்கு இந்த வித்தை ஓரளவு நன்றாக வரும். வாத்துக்கு அவ்வளவாக வராது. ஆகவே தீனியில் இருந்தே அதற்கு அதிகமாகக் கிடைக்க வேண்டும். வாத்துக் குஞ்சின் தீவனத்தில் கிலோவுக்கு 55 மில்லிகிராம் நியாசின் இருக்க வேண்டும் என்பது கணக்கு. கோழிக் குஞ்சுக்கு ஏறத்தாழ 27 முதல் 35 மில்லிகிராம் போதும்.

இதனால்தான் கோழிக் குஞ்சுத் தீவனத்தை மட்டும் தின்னும் வாத்துக் குஞ்சுக்கும் சில சமயம் கால் வளைகிறது. வெறும் சோறு தின்னும் குஞ்சைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

முற்றத்துக் குஞ்சுகள் எப்படித் தப்பின? அவை மண்ணைக் கிளறின. புழுவும் பூச்சியும் தின்றன. நத்தையை விழுங்கின. பசும்புல்லைக் கொத்தின. ஏழைச் சாப்பாடு போல் தோன்றியது. அதில்தான் சத்து இருந்தது! பெட்டிக்குள் இருந்த செல்லப்பிள்ளைதான் பட்டினி கிடந்தது. வயிறு நிறைந்த பட்டினி.

கோழி சொன்ன பாடம்

உலகுக்கு வைட்டமின் பாடத்தை முதலில் சொல்லிக் கொடுத்ததும் கால் விளங்காத ஒரு பறவைக் கூட்டம்தான்.

ஜாவாத் தீவில் பட்டேவியா என்ற நகரம் இருந்தது. இன்று அதன் பெயர் ஜகார்த்தா. அங்கே 1886-ல் எய்க்மன் என்ற டச்சு மருத்துவர் வந்து சேர்ந்தார். பெரிபெரி என்ற நோயால் மக்கள் கால் சோர்ந்து விழுந்துகொண்டிருந்தார்கள். அதற்கு ஏதோ கிருமி காரணம் என்று அவர் தேடிக்கொண்டிருந்தார்.

அவர் வளர்த்த கோழிகளும் ஒரு சமயம் கால் தள்ளாடி விழுந்தன. சில மாதங்களில் தாமாகவே தேறிவிட்டன. எய்க்மன் வியந்தார். விசாரித்தார். உண்மை வெளிவந்தது.

நடுவில் சில மாதம் கோழிகளுக்கு இராணுவ ஆஸ்பத்திரிச் சமையலறையின் சோறு போடப்பட்டது. அது நன்றாகத் தீட்டிய வெள்ளை அரிசி. பிறகு புதிய சமையற்காரர் வந்தார். இராணுவத்து அரிசியைக் கோழிக்குப் போட அவர் மறுத்துவிட்டார். கோழிகள் பழையபடி தீட்டாத அரிசிக்குத் திரும்பின. எழுந்து நடந்தன!

வெள்ளை அரிசி விழவைத்தது. தவிடு நிமிரவைத்தது. தவிட்டில் இருந்த அந்தச் சத்துத்தான் பி-1 வைட்டமின் என்று பிற்காலத்தில் தெரிந்தது. 1929-ல் எய்க்மனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஹாப்கின்ஸ் என்ற ஆங்கிலேய அறிஞரும் அதைப் பகிர்ந்துகொண்டார்.

அந்தக் கோழிகளுக்குக் குறைந்தது பி-1. எங்கள் வாத்துக்குக் குறைந்தது பி-3. இரண்டும் ஒரே குடும்பம். தீட்டிய அரிசியில் இரண்டுமே குறைவு. எங்கள் வீட்டுத் தட்டில் இருந்ததும் அதே வெள்ளைச் சோறுதானே!

என்ன கொடுக்கலாம்?

கோழிக் குஞ்சுகளுக்கான முதல் பருவத் தீவனம் கடைகளில் கிடைக்கும். அதை அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ தீவனத்துக்கு 50 முதல் 75 கிராம் வரை ஈஸ்ட் பொடி கலக்குங்கள். பீர் வடிக்கும்போது மிஞ்சும் ஈஸ்டை உலர்த்திப் பொடியாக்கி விற்கிறார்கள். நியாசின் அதில் நிறைய உண்டு. ரொட்டி மாவைப் பொங்க வைக்கும் உயிருள்ள ஈஸ்ட் வேறு. அதைக் கொடுக்காதீர்கள்.

தண்ணீர் தெளித்துப் பிசைந்து கொடுத்தால் குஞ்சு எளிதில் விழுங்கும். மீந்த ஈரத் தீனியை வைத்திருக்க வேண்டாம், புளித்துப்போகும். நசுக்கிய பச்சைப் பட்டாணி, மண்புழு, பொடியாக நறுக்கிய கீரை முதலியவையும் நல்லவை. தவிடும் சேர்க்கலாம். ஆனால் தவிட்டை மட்டும் நம்பக்கூடாது. அதில் உள்ள நியாசினில் பெரும்பகுதி எளிதில் செரித்துச் சேராது.

கால் ஏற்கெனவே வளைந்துவிட்ட குஞ்சுக்குத் தீனி மட்டும் போதாமல் போகலாம். அதற்கு நியாசினைத் தண்ணீரில் கரைத்துக் கொடுப்பார்கள். அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

உப்புக் கருவாடு வேண்டாம். வாத்துக் குஞ்சுக்கு உப்பு ஆகாது. முட்டையிடும் கோழிக்கான தீவனமும் வேண்டாம். அதில் சுண்ணாம்புச் சத்து மிக அதிகம். குஞ்சுக்குக் கெடுதல் செய்யும்.

காலை வெயிலில் சற்று நேரம் விடுங்கள். எலும்பு உறுதிக்கு வேண்டிய டி வைட்டமின் வெயிலால் உடலில் உண்டாகும். பக்கத்தில் நிழலும் தண்ணீரும் இருக்கட்டும். அலகு ரப்பர் போல் வளைந்தால் எலும்புச் சத்துக் குறைவு என்று அறியுங்கள்.

பூசணம் பிடித்த பிண்ணாக்கு

ஓர் எச்சரிக்கை. பூசணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கை வாத்துக் குஞ்சுக்குக் காட்டவே காட்டாதீர்கள்.

1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் திடீரென்று இறந்தன. காரணம் புரியாமல் எல்லோரும் திகைத்தார்கள். கடைசியில் பிடிபட்டது தீவனம்! பிரேசில் நாட்டிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில் ஒரு பூசணம் வளர்ந்திருந்தது. அது உண்டாக்கிய நஞ்சுக்கு அஃப்ளாடாக்சின் என்று பெயர் வைத்தார்கள்.

அந்த நஞ்சு ஈரலைத் தாக்கும். வாத்துக் குஞ்சை அது மிகக் கடுமையாகத் தாக்கும். ஒரு தீவனத்தில் அந்த நஞ்சு இருக்கிறதா என்று அறிய, விஞ்ஞானிகள் வாத்துக் குஞ்சுக்கே கொடுத்துச் சோதித்தார்கள் என்றால் பாருங்கள்! இந்த நஞ்சு தின்ற குஞ்சும் தள்ளாடும், விழும். காலும் பாதமும் ஊதா நிறமாகும்.

தண்ணீர்தான் ஊன்றுகோல்

வாத்தின் கால் உடலின் பின்பக்கமாக அமைந்திருக்கிறது. நீந்துவதற்கு அது வசதி. நடப்பதற்குத்தான் சிரமம். தரையில் உடல் பாரம் முழுவதையும் கால் சுமக்க வேண்டும். தண்ணீரில் அந்தப் பாரத்தைத் தண்ணீரே சுமக்கும்.

ஆகவே டாக்டர் எங்களுக்கு ஒரு பயிற்சி சொன்னார். அகன்ற பாத்திரத்தில் வெதுவெதுப்பான நீர் ஊற்ற வேண்டும். பாதம் தரையில் பட்டும் படாமலும் இருக்கும் ஆழம் போதும். குஞ்சின் வயிற்றுக்கு அடியில் கையைக் கொடுத்து மிதக்க விட வேண்டும். ஐந்து முதல் பத்து நிமிடம். காலை ஒரு முறை, மாலை ஒரு முறை.

பிறகு நன்றாகத் துடைத்து உலர்த்த வேண்டும். நனைந்த குஞ்சு குளிரில் விறைத்துவிடும். முதல் வாரக் குஞ்சுக்கு ஏறத்தாழ 32 டிகிரி சூடு வேண்டும். வாரத்துக்கு 3 டிகிரி வீதம் குறைத்துக்கொண்டு வரலாம். சூட்டுமானி இல்லையா? குஞ்சைப் பாருங்கள். பல்புக்கு அடியில் ஒடுங்கினால் குளிர். விலகிப்போய் வாயைத் திறந்து இளைத்தால் சூடு அதிகம். ஒன்று நினைவிருக்கட்டும்: பழைய குண்டு பல்புதான் சூடு தரும். எல்.இ.டி. பல்பு வெளிச்சம் தரும், சூடு தராது.

தண்ணீரில் விட்ட முதல் நாள் எங்கள் குஞ்சு சும்மா மிதந்தது. இரண்டாம் நாள் ஒரு காலை உதைத்தது. மூன்றாம் நாள் இரண்டு காலையும் உதைத்தது. நான்காம் நாள் மாலை, பாத்திரத்திலிருந்து எடுத்துத் துடைத்துச் சாக்கின்மேல் விட்டோம்.

ஏழு அடி நடந்தது.

சுவரில் மறுபடியும் எழுத்து ஆரம்பமாயிற்று. "7".

நழுவிய நரம்பு

கால் கோளாறு எல்லாமே வீட்டில் தீரும் என்று நினைக்க வேண்டாம்.

குதிகால் மூட்டின் பின்னால் ஒரு தடித்த தசைநார் ஓடுகிறது. மூட்டில் உள்ள பள்ளத்தில் அது பதிந்திருக்கும். சில குஞ்சுகளுக்கு அது பள்ளத்தைவிட்டு நழுவிவிடும். ஒரு கால் மட்டும் பக்கவாட்டில் முறுக்கிக்கொள்ளும். மூட்டுத் தட்டையாகத் தெரியும். குஞ்சு வலியால் கத்தும். மாங்கனீசு, கோலின், பயோட்டின் முதலிய சத்துகள் குறைந்தால் இது வரும். காலைப் பிடித்து இழுத்தாலும் வரும்.

இதற்கு அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். நாள் கடந்தால் தசைநார் சுருங்கிவிடும். பிறகு இடத்தில் நிற்காது.

அதனால்தான் சொல்கிறேன்: வாத்துக் குஞ்சைக் காலைப் பிடித்துத் தூக்காதீர்கள். குழந்தைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள். இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து, அடிவயிற்றைத் தாங்கி, ஏந்தி எடுக்க வேண்டும்.

3. தலை

கால் நன்றாக இருக்கும். ஆனால் குஞ்சு விழும். சுற்றிச் சுற்றி வரும். பின்பக்கமாக நடக்கும். கழுத்துத் திருகிக்கொள்ளும். வானத்தைப் பார்த்தபடியே இருக்கும்.

இப்படி இருந்தால் கோளாறு காலில் இல்லை. மூளையிலோ நரம்பிலோ காதிலோ இருக்கிறது. பி-1 வைட்டமின் குறைந்தாலும் இப்படி ஆகும். ஈ வைட்டமின் குறைந்தாலும் ஆகும். தலையில் அடிபட்டாலும் ஆகும். சத்துக் குறைவு என்றால் மருந்து கொடுத்ததும் விரைவில் குணம் தெரியக்கூடும். ஆனால் அது சத்துக் குறைவுதானா என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

ஏனென்றால் கொடிய தொற்று நோய்களும் இதே போல் வரும். வாத்துக் குஞ்சுகளுக்கு ஈரல் அழற்சி நோய் ஒன்று உண்டு. ஆறு வாரத்துக்கு உட்பட்ட குஞ்சுகளைத் தாக்கும். குஞ்சு பக்கவாட்டில் விழும், காலை உதைக்கும், தலையைப் பின்னால் வளைத்தபடி இறக்கும். பறவைக் காய்ச்சலிலும் கழுத்துத் திருகல் உண்டு. 2014, 2021, 2024 ஆகிய ஆண்டுகளில் கேரளத்தின் ஆலப்புழை மாவட்டத்தில் பறவைக் காய்ச்சல் வாத்துகளைத் தாக்கியது.

எனவே ஓர் எளிய விதி. ஒரு குஞ்சு மட்டும் விழுந்தால் தரையையும் தட்டையும் பாருங்கள். பல குஞ்சுகள் ஒரே சமயத்தில் விழுந்தால், அல்லது அடுத்தடுத்து இறந்தால், காத்திருக்காதீர்கள். உடனே கால்நடை மருத்துவருக்குச் சொல்லுங்கள். செத்த குஞ்சை வெறுங் கையால் தொடாதீர்கள். குளத்திலும் வாய்க்காலிலும் வீசாதீர்கள்.

பூச்சி மருந்து தெளித்த வயலில் மேய்ந்த வாத்தும் தள்ளாடும். அதையும் நினைவில் வையுங்கள்.

நலமான குஞ்சைத் தொட்டாலும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். வாத்தின் எச்சத்தில் மனிதருக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிருமிகள் இருக்கலாம். கொஞ்சுங்கள், ஆனால் முத்தமிட வேண்டாம்!

தனிமையும் ஒரு நோய்

வாத்துக் குஞ்சு கூட்டத்தில் வாழும் உயிர். தனியாக விட்டால் ஓயாமல் கத்தும். தீனி தின்னாது. ஆனால் நோஞ்சான் குஞ்சை மற்றவற்றோடு கலந்துவிட்டால் அவை மிதித்துவிடும்.

என்ன செய்வது? கூட்டத்துக்கு அருகிலேயே, கம்பி வலைக்கு இந்தப் பக்கம் வையுங்கள். மற்றவற்றைப் பார்த்துக்கொண்டே இருக்கட்டும். அல்லது சாதுவான ஒரு குஞ்சைத் துணைக்கு விடுங்கள்.

நாங்களும் அப்படித்தான் செய்தோம். முற்றத்துக் குஞ்சுகளில் ஒன்று துணைக்கு வந்தது. அது நடந்தது. இதுவும் நடக்கப் பார்த்தது. எங்கள் பயிற்சி பாதி, அந்தத் துணை பாதி என்றுதான் சொல்ல வேண்டும்.

உண்மையையும் சொல்லிவிட வேண்டும். எல்லாக் குஞ்சும் தேறுவதில்லை. மூட்டு முற்றிலும் கெட்டுவிட்டால் திருப்ப முடியாது. தின்ன முடியாமல், ஓயாத வலியில் கிடக்கும் குஞ்சை வைத்துக்கொண்டு போராடுவது அன்பு ஆகாது. அப்போது என்ன செய்வது என்று டாக்டரைக் கேளுங்கள். ஆனால் அந்த முடிவு கடைசி முடிவாக இருக்கட்டும். முதல் முடிவாக வேண்டாம்.

குட்டையில் இறங்கிய நாள்

எங்கள் குஞ்சின் கால் முழுவதும் நேராகவில்லை. இடது காலில் சிறு வளைவு நின்றுவிட்டது. நடக்கும்போது ஒரு பக்கம் சாயும். வரிசையில் எப்போதும் கடைசி.

இறகு முளைத்த பிறகு, ஒரு நாள் காலை ஐந்தையும் குட்டைக்கு ஓட்டிக்கொண்டு போனோம். கோழித் தாய் கரையிலேயே நின்று கூப்பாடு போட்டது. நான்கும் தண்ணீரில் இறங்கின. கடைசியாக எங்கள் நொண்டியும் சாய்ந்து சாய்ந்து வந்து இறங்கியது.

ஐந்தும் நீந்தின.

"எது நம்முடையது?" என்று மகளைக் கேட்டேன். அவள் உற்றுப் பார்த்தாள். அவளுக்கும் தெரியவில்லை. தண்ணீரில் எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன!

சில வாரம் சென்றது. ஒரு மாலை பக்கத்து வீட்டு அம்மாள் வந்தார். முந்தானைக்குள் எதையோ மூடி வைத்திருந்தார். வாத்துக் குஞ்சு ஒன்று. இரண்டு காலும் விரிந்து கிடந்தன.

"பாப்பா இருக்கிறாளா? இதைக் கொஞ்சம் பார்க்கச் சொல்லுங்கள்" என்றார்.

என் மகள் ஓடி வந்தாள். இரண்டு உள்ளங்கைகளாலும் ஏந்தி வாங்கினாள். டாக்டர் அம்மாளைப் போலவே முகத்தை வைத்துக்கொண்டு கேட்டாள்:

"இதை எதன்மேல் விட்டிருந்தீர்கள் பெரியம்மா?"